மேல்கட்டில்காரர்

அறுகம் குடாவில் தங்கியிருந்த நாட்கள் முழுக்க நான் தமிழ் தெரியாதவனாக இருந்தேன். திருநெல்வேலியில் பிறந்தவன், பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன், தமிழில் எழுதிக் கொஞ்சம் காசும் நிறையப் பகையும் சம்பாதித்தவன். அப்படிப்பட்டவன், தமிழ் பேசுகிறவர்கள் சமைத்துப் போட்டதைத் தின்றுகொண்டு, அவர்கள் பேசுவதில் ஒரு சொல்லும் விளங்காத முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கலவரமில்லை, தலைக்கு ஆபத்தில்லை. சொகுசாக இருந்தது, அதனால் செய்தேன்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் கிழக்குக் கரையில், பொத்துவிலுக்குத் தெற்கே மூன்று கிலோமீட்டரில் இருக்கிறது அறுகம் குடா. உள்ளூர் வாயில் அது உல்லை. 1970களிலிருந்தே அலைச்சறுக்குப் பலகைகளைத் தூக்கிக்கொண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் வந்துகொண்டிருக்கிற ஊர். முனையில் மோதும் அலை வலப்பக்கமாக நீளமாக மடிந்து கரைக்கு வரும். அதற்காகவே ஆஸ்திரேலியாவிலிருந்தும் இஸ்ரேலிலிருந்தும் வருகிறார்கள். ஏப்ரல் கடைசியில் சீசன் தொடங்கி அக்டோபர் வரை இழுக்கும். ரயில் கிடையாது, தண்டவாளம் வடக்கே மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. கொழும்பிலிருந்து வருகிறவர்கள் இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை என்று இரவெல்லாம் பஸ்ஸில் குலுங்கித்தான் வந்து சேர வேண்டும்.

சீசன் என்றால் வெயில் என்று பொருள். தென்மேற்குப் பருவக்காற்று தன்னிடமுள்ள மழையையெல்லாம் தீவின் மேற்குப் பக்க மலைச்சரிவிலேயே கொட்டிவிடுகிறது. மலை தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அதில் ஈரம் இருப்பதில்லை. இறங்க இறங்கச் சூடேறி, அடுப்பிலிருந்து வருவதுபோல முகத்தில் அறையும். கச்சான் காற்று என்கிறார்கள். கொழும்பில் குடை பிடித்துக்கொண்டு நடக்கிற அதே வாரத்தில் பொத்துவிலில் புல் கருகிக் கிடக்கும். பகல் பத்து மணிக்குமேல் கடல் மணலில் வெறுங்காலை வைக்க முடியாது. இரவில் காற்று விழுந்துவிட்டால் அது இன்னும் மோசம்.

நான் போனது 2023 சீசனில். அதற்கு முந்தைய ஆண்டு நாடே பெட்ரோல் வரிசையிலும் பதின்மூன்று மணி நேர மின்வெட்டிலும் கிடந்தது. நெருக்கடி கொஞ்சம் அடங்கி, வெளிநாட்டுக்காரர்கள் மறுபடி வரத் தொடங்கியிருந்தார்கள். நம் ஒரு ரூபாய்க்கு இலங்கை ரூபாய் நாலுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைத்தது. ஒரு நாடு திவாலாகிக் கிடக்கும்போது அங்கே மலிவாகச் சுற்றலாம் என்று கணக்குப் போட்டுக் கிளம்பியவன் நான். இதுவும் வாக்குமூலத்தில் சேர்த்தி.

ஹாஸ்டல் கடலிலிருந்து இரண்டு தெரு உள்ளே. கீழே சமையல்கட்டு, கூரை வேய்ந்த திண்ணை, நீளமான மரப்பெஞ்சுகள், ஒரு தொங்கு ஊஞ்சல். இரண்டு பொது அறைகள், ஒன்றில் ஏசி, இன்னொன்றில் மின்விசிறி. ஏசியும் இரவு ஒன்பதிலிருந்து காலை ஏழு வரைதான். 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பிப்ரவரியில் இன்னொரு 66 சதவீதமும் ஏறியிருந்தன. மேனேஜர் அதை அட்டையில் ஆங்கிலத்தில் எழுதி, கீழே ஒரு அழுகிற முகம் வரைந்து ஒட்டியிருந்தார். நான் மின்விசிறி அறையை எடுத்தேன். தகரக் கூரை. எட்டுப் பேருக்கு நான்கு அடுக்குக் கட்டில்கள். கீழ்க்கட்டில்கள் எல்லாம் பிடிக்கப்பட்டிருந்ததால் எனக்கு மேல்கட்டில். தலைக்கு மேலே இரண்டு முழத்தில் தகரம். பகலெல்லாம் குடித்த வெயிலை அது நள்ளிரவு வரை என்மேல் துப்பிக்கொண்டிருக்கும். படுக்கையில் மணல், ஏணியில் காயப்போட்ட ஈரத் துணி, யாரோ பூசிய வெயில் களிம்பின் தேங்காய் நெடி, யாரோ ஒருவனின் குறட்டை. விரித்திருந்த துவாலையைப் பிழிந்தால் தண்ணீர் வரும், அவ்வளவு வியர்வை.

ஏசி அறைக்கும் இதற்கும் நம் காசில் நானூறு ரூபாய் வித்தியாசம். அந்த நானூறு எனக்குப் பொருட்டே இல்லை. பெங்களூரில் ஒரு சினிமாவுக்கும் சோளப்பொரிக்கும் அதைவிட அதிகம் கொடுக்கிறேன். கடலைப் பார்த்த தனிக் குடிலே எடுத்திருக்கலாம். ஆனாலும் நாற்பத்தாறு வயதில், இடுப்பு வலியோடு, ஒரு இரும்பு ஏணியில் ஏறி இறங்கினேன். காரணம் சிக்கனம் இல்லை, ஒரு வகை மினுக்கு. எத்தனை மலிவாகப் பயணம் செய்கிறோம் என்பதில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு பெருமை உண்டு. நட்சத்திர ஓட்டலில் தங்குகிறவனைவிட நாம் ஊரை நெருங்கிப் பார்க்கிறோம் என்று ஒரு நினைப்பு. இருபத்தைந்து வயதில் போயிருக்க வேண்டிய பயணத்தை, பணம் சேர்ந்த பிறகு, பணமில்லாதவன் வேஷத்தில் போய்க்கொண்டிருந்தேன். அந்த வேஷத்தை இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் யாரும் நம்பவில்லை என்று நினைக்கிறேன். நம்பிய ஒரே ஆளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பொய் எப்படிப் பிறந்தது என்பதில் பெரிய கதை இல்லை. மேனேஜர் காலிப் பக்கத்துச் சிங்கள இளைஞர். கடவுச்சீட்டை வாங்கிப் புரட்டிவிட்டு, "இந்தியாவில் எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பெங்களூர் என்றேன், அது உண்மை, இருபது வருடமாக அங்கேதான் இருக்கிறேன். "அப்படியானால் ஹிந்தி?" என்றார். தலையாட்டினேன். என் பெயர் எந்த மாநிலத்துக்கும் பொருந்துகிற பெயர். பிறந்த ஊர் என்ற இடத்தில் திருநெல்வேலி என்று அச்சிட்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை, அல்லது அது எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. பக்கத்தில் தும்புத்தடியோடு நின்றிருந்த பொத்துவில் பையன், சமையல்கட்டுப் பக்கம் திரும்பிக் கத்திச் சொன்னான்: "அக்கா, இவரு ஹிந்திக்காரராம்!" உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "அப்ப உறைப்புத் தின்னுவாரு" என்றது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பை அடக்கிய நொடியில் பொய் நிலைத்துவிட்டது. ஒரு தலையாட்டலைத் திருத்திவிடலாம். கேட்டும் கேளாததுபோல நின்றதை எப்படித் திருத்துவது?

அன்றிரவு எனக்கு நானே காரணங்கள் சொல்லிக்கொண்டேன். இலங்கையில் தமிழ்நாட்டுக்காரன் என்று தெரிந்தால் பேச்சு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். முதலில் விஜய், பிறகு ரஜினி, பிறகு நம் அரசியல்வாதிகள் ஈழத்தைப் பற்றி மேடையில் பேசுவது, பிறகு 2009-இல் நீங்களெல்லாம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்காமல் கேட்கிற ஒரு மௌனம். யாழ்ப்பாணத்தில் முந்தைய பயணத்தில் இதற்கெல்லாம் முகம் கொடுத்திருக்கிறேன். இந்த முறை ஒன்றுமில்லாதவனாக, வெறும் விருந்தாளியாக இருந்துவிட்டுப் போகலாமே என்று தோன்றியது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நீண்டநாள் இதையே நம்பிக்கொண்டிருந்தேன்.

உண்மைக் காரணம் அந்தத் திண்ணையில் இருந்தது. மாலையில் அங்கே ஜெர்மன்காரன், டச்சுப் பெண், லண்டன் பையன், இரண்டு இஸ்ரேலியர்கள் எல்லாரும் பெஞ்சில் சாய்ந்து, எங்கிருந்து வந்தாய், அடுத்து எங்கே போகிறாய் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு நடுவே எனக்கு ஒரு இடம் கிடைத்திருந்தது. நான் வாயைத் திறந்து அந்தப் பையனிடம், "தம்பி, குடிக்கத் தண்ணி கொண்டா" என்று ஒரு தடவை சொன்னால் போதும், பெஞ்சிலிருந்து எழுந்து சமையல்கட்டின் பக்கம் போய்விடுவேன். அவனும் நானும் ஒரே நிறம். அதற்குப் பிறகு, இவனிடம் அதைக் கேட்டுச் சொல், அவளிடம் இதைச் சொல் என்று ஒவ்வொருவரும் என்னை அழைப்பார்கள். பயணி என்ற நிலை போய் மொழிபெயர்ப்பாளன் ஆகிவிடுவேன், இன்னும் ஒரு படி கீழே போனால் ஊர்க்காரன். அந்தப் படியிறக்கத்துக்கு நான் பயந்தேன். நாற்பத்தாறு வயதில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் என்னைத் தங்களில் ஒருவனாக நினைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இதைத் தமிழில் எழுதுவதற்கே கூசுகிறது.

இதில் இன்னொரு ருசியும் இருந்தது. எல்லாவற்றையும் கேட்கலாம். பதில் சொல்ல வேண்டிய கடமையே கிடையாது. பணியாளர்கள் எங்களைப் பற்றிப் பேசுவதையெல்லாம் சுவரோரப் பல்லிபோலக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொருவருக்கும் பெயர் வைத்திருந்தார்கள். டச்சுப் பெண் கொக்கு. ஜெர்மன்காரன் கணக்கப்பிள்ளை, ஏனென்றால் தேநீருக்கு மீதி ஐந்து ரூபாயையும் எண்ணி வாங்குவான். லண்டன் பையன் பூனை, பகலெல்லாம் தூங்குவான். யார் யாருடைய கட்டிலுக்கு மாறினார்கள் என்பது எனக்கு முன்னால் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. டிப்ஸ் பெட்டியில் விழுவதில் பாதி மேனேஜருக்கு என்பதும் இப்படிக் காதில் விழுந்ததுதான். பணியாளர்களை ஒட்டுக்கேட்பது எனக்கு ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. இரவில் மேல்கட்டிலில் படுத்துக்கொண்டு குறிப்பெடுத்தேன். கட்டுரைக்கு ஆகும் என்று.

கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகிறவர்கள் அந்த வழியே வந்ததும் அந்த நாட்களில்தான். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்பட்டு, கிழக்குக் கரையோரமாகவே வாரக்கணக்கில் நடந்து, பொத்துவில், பாணமை தாண்டி உகந்தை முருகன் கோயிலை அடைந்து, அங்கிருந்து குமண, யால காடுகளுக்குள் இறங்கிக் கதிர்காமம் போய்ச் சேருகிற பழைய பாதயாத்திரை அது. தலையில் மூட்டை, கையில் வேல், காலில் செருப்பில்லாத கிழவிகள். அந்தத் தார்ச்சாலையில் எங்களுக்குச் செருப்போடு நடக்கவே பொறுக்கவில்லை. திண்ணைக்காரர்கள் அனைவரும் கைபேசியோடு வாசலுக்கு ஓடினார்கள். நானும் ஓடினேன். "யார் இவர்கள்? உனக்குத் தெரியுமா?" என்று டச்சுப் பெண் கேட்டாள். "ஏதோ இந்துத் திருவிழா போலிருக்கிறது" என்றேன். சின்ன வயதில் ஒவ்வொரு வருடமும் திருச்செந்தூருக்கு நடந்து போனவன் சொன்ன பதில் அது. கூட்டத்தில் ஒரு அம்மா என்னிடம் வந்து, "மகன், தண்ணி இரிக்கா?" என்று கேட்டாள். போத்தலை நீட்டினேன். "எஸ், எஸ், டேக்" என்றேன். அவள் குடித்துவிட்டு, முருகன் காப்பாத்துவான் என்று சொல்லி, போத்தலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். அதற்கும் விளங்காததுபோலவே சிரித்தேன். எனக்குக் கூச்சமாக இருந்தது என்று சொன்னால் பொய். என் நடிப்பு தேறியதில் எனக்கு உள்ளூர ஒரு திருப்திதான் இருந்தது.

இப்போது அந்த அக்காவுக்கு வருகிறேன்.

சமையல் அவள்தான். பொத்துவிலுக்கு வடக்கே கோமாரியிலிருந்து தினமும் காலை முதல் பஸ்ஸில் வருவாள். வயது என்னைவிட நாலைந்து குறைவாக இருக்கலாம். பார்க்க என்னைவிடப் பெரியவள். காலையில் ரொட்டியும் கட்டைச் சம்பலும், சில நாள் இடியப்பம், சொதி. மத்தியானச் சாப்பாடு விருந்தாளிகளுக்குக் கிடையாது. பிள்ளைகள் வெளியே கடைகளில் பீட்சாவும் பழக்கூழும் தின்னப் போய்விடுவார்கள். வெயிலுக்குப் பயந்து நான் மட்டும் திண்ணையிலேயே கிடப்பேன். அதைப் பார்த்துவிட்டு அவள் தங்களுக்காக ஆக்கிய சோற்றில் ஒரு தட்டு எனக்குக் கொண்டுவந்து வைக்கத் தொடங்கினாள். கையைக் காட்டி, சாப்பிடு என்று சைகை. காசு கொடுக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டாள். கூனி போட்ட முருங்கை, பருப்பு, வெண்டைக்காய்ப் பால்கறி, மீன். பையனுக்கு ஒரு துண்டு என்றால் எனக்கு இரண்டு. இந்தியாக்காரன் மேல் ஏதோ மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

மரியாதை இல்லை. ஒருநாள் பின்பக்கம் பாத்திரம் கழுவியபடி அவளும் பையனும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஆறடி தள்ளி, அவள் வைத்த தட்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏன் அக்கா அவருக்கு மட்டும் ரெண்டு துண்டு?"

"பாவம்டா. இந்த வயசில, பொடியன்மாரோட பொடியனா அந்த மேல்கட்டில்ல ஏறிப் படுக்காரு. ஏசி ரூம் எடுக்க வழியில்ல. மத்தியானம் கடையில ஒரு வாய் வாங்கித் தின்னக் காசில்லாமத்தானே இப்பிடிப் பட்டினி கிடக்காரு. ஊருல பொஞ்சாதி, புள்ள என்ன பாடோ."

"அப்ப ஏன் இஞ்ச வந்தாரு?"

"வேல தேடித்தான் வந்திரிப்பாரு."

என் வேஷத்தை முழுசாக நம்பியவள் அவள் ஒருத்திதான். மேல்கட்டிலுக்கு ஏறுகிறவனை அவளுக்குத் தெரிந்த உலகத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். அந்த வயதில் ஒரு ஆள் பொது அறையில் படுக்கிறான் என்றால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். அது பெருமைக்காகச் செய்கிற காரியம் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்?

அப்போதே எழுந்து உள்ளே போய், "அக்கா, எனக்குத் தமிழ் தெரியும், காசும் இருக்கு, மன்னிச்சிருங்க" என்று சொல்லியிருக்கலாம். பையன் ஒரு மாதம் சிரித்திருப்பான். அவ்வளவுதான் நடந்திருக்கும். நான் தட்டைப் பார்த்தேன். இரண்டாவது துண்டும் பாரைதான், நல்ல நடுத்துண்டு. தின்றேன். மறுநாளும் தின்றேன். அதற்கு மறுநாளும்.

கடன் பேச்சு அதற்குப் பிறகு வந்தது. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் போருக்குப் பிறகு நுண்கடன் கம்பெனிகள் ஊர் ஊராகப் புகுந்தன. பெண்களைக் குழுவாக உட்காரவைத்து, ஒருத்தியின் கடனுக்கு மற்றவர்கள் பிணை என்று கையெழுத்து வாங்கி, கிழமைக்குக் கிழமை வந்து வசூலிப்பார்கள். வட்டியைக் கேட்டால் தலை சுற்றும். தவணை தவறினால் வசூலிக்க வருகிறவன் வாசலிலேயே உட்கார்ந்துவிடுவான். அக்கம்பக்கம் பார்க்கட்டும் என்பதுதான் அவன் நோக்கம். 2018-இல் அரசாங்கமே இதில் தலையிட்டு, வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சம் ரூபாய் வரையான கடன்களைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. இதையெல்லாம் நான் படித்திருக்கிறேன். படித்தவன் என்பதுதான் இந்த வாக்குமூலத்தின் மோசமான பகுதி. 2004 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது இந்த அம்பாறை மாவட்டம் என்பதும், அலை வடிந்த பிறகு இதே அறுகம் குடாவில் மீனவர்களைக் கரையிலிருந்து ஒதுக்கிவிட்டு ஓட்டல்களுக்கு இடம் பிடிக்கத் திட்டம் போட்டார்கள் என்று நவோமி க்ளைன் 'த ஷாக் டாக்ட்ரின்' நூலில் எழுதியதும் எனக்குத் தெரியும். அந்த நூல் வந்த 2007-ஆம் ஆண்டிலேயே வாங்கி, பென்சிலில் கோடு போட்டுப் படித்தவன். திண்ணையில் லண்டன் பையனுக்கு அதைப் பற்றி அரை மணி நேரம் ஆங்கிலத்தில் விளக்கினேன். அவன் கண் கலங்காத குறை. அக்கா அப்போது எங்களைச் சுற்றிக் கூட்டிக்கொண்டிருந்தாள். நான் காலைத் தூக்கிக்கொண்டேன்.

அவளுடைய குழுவில் ஐந்து பேர். ஒருத்தி யாருக்கும் சொல்லாமல் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். அவளுடைய தவணையை மற்ற நாலு பேரும் பங்கு போட வேண்டும். வியாழக்கிழமை வசூல். அக்காவுக்கு ஆறாயிரம் குறைந்தது. நம் காசில் ஆயிரத்து அறுநூறு, எழுநூறு வரும். மேனேஜரிடம் முன்பணம் கேட்கப் பையனைச் சிங்களத்தில் பேச அனுப்பினாள். மாசக் கடைசி ஆகட்டும் என்று பதில் வந்தது. பையன் திரும்பி வந்து, திண்ணையில் இருந்த என்னைக் கண்ணால் காட்டி, மெதுவாகக்கூட இல்லை, சாதாரணக் குரலில் சொன்னான்: "இந்த ஹிந்திக்காரருக்கிட்ட கேட்டுப் பாக்கட்டா? நான் இங்கிலீசில கேக்கன்."

"சும்மா இரிடா. அந்த மனிசனே வழியில்லாமக் கிடக்காரு. அவருக்கிட்டயா கேக்கிற?"

அன்று காலையில்தான் அலைச்சறுக்குக் கற்றுக்கொடுக்கிறவனுக்கு ஏறக்குறைய அதே தொகையை எண்ணிக் கொடுத்த என் கையின் ஈரம் காயவில்லை. பலகையில் ஒருமுறைகூட நான் நிற்கவில்லை.

என்ன செய்திருக்கலாம் என்று எனக்கு வழிகள் தெரியாமல் இல்லை. ஆறாயிரத்தை நேராகக் கொடுத்தால் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தது தெரிந்துவிடும். பத்தாயிரமாகக் கொடுத்தால் தொகை தற்செயலாக இருக்கும், ஆனால் பஞ்சப்பட்ட ஆள் எங்கிருந்து பத்தாயிரம் கொடுக்கிறான்? பையனிடம் கொடுத்துக் கொடுக்கச் சொல்லலாம். அவன் கெட்டிக்காரன், உடனே கண்டுபிடித்துவிடுவான். இப்படி ஒவ்வொரு வழியையும் எடுத்துப் பார்த்து ஒதுக்கினேன். என்னைப் பற்றி எது வெளியே தெரிந்துவிடும் என்பதைத்தான் எடை போட்டேன். அவளுக்கு வியாழக்கிழமை என்ன ஆகும் என்பது அந்தத் தராசில் ஏறவே இல்லை. ஆயிரத்து எழுநூறு ரூபாயைவிட, ஒரு சமையல்காரப் பெண்ணுக்கு முன்னால் நான் பொய்யன் என்று ஆவது எனக்குப் பெரிய இழப்பாகப் பட்டது. அவளை நான் மறுபடி பார்க்கப் போவதேயில்லை என்று தெரிந்தும்.

புதன்கிழமை இரவு பஸ்ஸில் கிளம்பினேன். வெள்ளிக்கிழமை வரை இருப்பதாகத்தான் திட்டம். வெயில் தாங்கவில்லை என்று மேனேஜரிடம் சொன்னேன். டிப்ஸ் பெட்டியில் எல்லாரும் பார்க்க இரண்டாயிரம் போட்டேன், அது எங்கே போகும் என்று தெரிந்தே. அக்கா அன்றைக்குக் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு, எனக்காக ரொட்டி சுட்டுத் தாளில் பொதிந்து கொண்டுவந்தாள். வழியில் பசிக்கும் என்று வயிற்றைத் தட்டிக் காட்டினாள். பிறகு, விளங்காது என்று தெரிந்திருந்தும், விளங்காதவர்களிடமும் தமிழிலேயே பேசுகிற வழக்கத்தில், "வேல கிடைக்கும், யோசிக்காதீங்க. கதிர்காமக் கந்தன் பாத்துக்குவான்" என்றாள்.

"தேங்க் யூ. பை பை" என்றேன் நான்.

பொதியில் ரொட்டிக்கு நடுவே ஒரு பொரித்த மீன் துண்டு இருந்தது. மொனராகலையில் பஸ் தேநீருக்கு நின்றபோது தின்றுவிட்டேன். தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். இறங்கியது, பசி.

பெங்களூர் வந்த மறுவாரம், தங்கிய இடத்தைப் பற்றி மதிப்புரை எழுதச் சொல்லி முன்பதிவுத் தளத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. இதுபோன்றவற்றை நான் விடாமல் எழுதுகிறவன். நல்ல ஆங்கிலத்தில், பொறுப்போடு எழுதுவேன். கடற்கரை நடக்கிற தூரம், கழிவறை சுத்தம், உணவு அருமை, பணியாளர்கள் மிக அன்பானவர்கள், மொழிதான் சற்றுத் தடையாக இருக்கலாம் என்று எழுதினேன். பத்துக்கு எட்டு கொடுத்தேன். ஒரு புள்ளி மின்விசிறி அறையின் வெக்கைக்காகக் குறைத்தது. இன்னொன்று, மேல்கட்டிலின் ஏணி ஆடுகிறது என்பதற்காக.